ஏழாம் தடம்

கணினி வேண்டாம் என்பதற்காகவே வாங்கினேன் இதை.
போன கிறிஸ்துமஸில் இரவல் மடிக்கணினி
அல்லேலூயாவின் நடுவில் நீலமாகி நின்றுவிட்டது.
இது அப்படியில்லை. பதினாறு மைக், ஒரு பெட்டி,
பக்கவாட்டில் ஒரு துளை,
துளையில் கட்டைவிரல் நீளப் பென்டிரைவ்.
சிவப்பு எரிந்தால் எழுதுகிறது. அணைந்தால் எழுதி முடித்தது.
நடுவில் பிடுங்கினால்
பெயர் மட்டும் இருக்கும், அளவு பூஜ்யம் என்று காட்டும்.
நாகர்கோவில் கடைக்காரன் இதை இரண்டு முறை சொன்னான்.

மிடாலத்துக் கோயில். வரும் திருநாளுக்கு நான்கு பாட்டு.
ஒன்றாம் மைக் வென்செஸ்லாஸ் மாஸ்டருக்கு.
தபேலாவுக்கு இரண்டு, கீபோர்டுக்கு இரண்டு,
ஆறில் எமரன்சியா, ஏழில் பிரிஸ்கா,
கடைசியில், தூணுக்குப் பின்னால், பதினாறில் ததேயு.
சுருதி விலகுவது அவன்தான் என்று
மூன்று வருடமாக எல்லோருக்கும் தெரியும்.

ஜன்னல்களைச் சாத்தியும் கடல் வந்தது.
மைக் வைக்காத ஆள், பதினாறிலும் இருந்தது.
நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டினேன். பாதி போனது.

ராத்திரி, பிள்ளை உறங்கிய பிறகு,
ஹெட்போன் மாட்டி ஒவ்வொன்றாய்த் திறந்தேன்.
பதினாறு: ததேயு. நூல் பிடித்தது போல நேராக.
ஒன்று: மாஸ்டர்.
மறுபடி கேட்டேன். மாஸ்டர்தான்.
சத்தம் வராமல் சிரித்தேன்.

ஏழு.
மூன்றாம் பாட்டு முடிந்து கட்டன் சாயா வந்த நேரம்.
நிறுத்தாமல் விட்டது நான்.
டம்ளர் ஒன்று பெஞ்சில் உரசுகிறது.
பிறகு பிரிஸ்கா, மூச்சுக்கும் பேச்சுக்கும் இடையில்:
"பதினெட்டாம் தேதி. வெளுப்பாங்கால வண்டி.
குழித்துறையில ஏறுவேன்.
வீட்டுல ஒருத்தருக்கும் தெரியாது.
நீயும் தெரியாதது போல இரி."
ஆறாம் தடத்தில் பதிலைத் தேடினேன்.
மூக்கை உறிஞ்சும் சத்தம், அவ்வளவுதான்.

விடிந்ததும் மாஸ்டர் போன் செய்தார்:
"பென்டிரைவை அப்படியே கொண்டா மக்ளே.
தனித்தனியாக் கேக்கணும்.
எவன் கெடுக்கான்னு இண்ணைக்குத் தெரிஞ்சிரும்."

பிரிஸ்கா அவர் மகள்.

பெட்டிக்குப் பதியத் தெரியும், திருப்பிப் பாடத் தெரியும்.
வெட்டத் தெரியாது. பதினாறும் ஒரே கோப்பு.
ஏழிலிருந்து பதினொரு நொடியை மட்டும் எடுக்க
ஒரு கணினி வேண்டும்.
கருங்கல் பிரௌசிங் சென்டரில் உண்டு.
அங்கிருக்கும் பையனுக்குக் காதும் உண்டு,
மிடாலத்தில் மாமன் வீடும் உண்டு.
பெட்டியிடம் இருப்பது ஒரே கேள்வி:
எல்லாவற்றையும் அழிக்கவா?

நான்கு பாட்டு.
கீபோர்டுக்காரனின் ஒரு நாள் கூலி.
ததேயு சரியாகப் பாடினான் என்பதற்கு
உலகத்தில் இருந்த ஒரே சாட்சி.
அதைத்தான் அதிகம் யோசித்தேன்.

ஆம்.

"சிவப்பு அணையறதுக்கு முன்னே பிடுங்கிட்டேன் மாஸ்டர்,
எந் தப்புதான்."
கடைக்காரன் இரண்டு முறை சொன்ன உண்மையைக் கொண்டு
முடைந்த பொய். பிடி விடவில்லை.
பெண்ணுகளுக்கு எதுக்கு இந்தப் பணி என்றார்.
கேட்டுக்கொண்டேன். வாடகையில் ஐந்நூறு குறைத்தார்.
அதையும் கேட்டுக்கொண்டேன்.

இருபத்திரண்டாம் தேதி மறுபடி கூடினோம்.
மாஸ்டர் சவரம் செய்திருக்கவில்லை.
எண்ணிக்கை சொல்லும்போது மூன்றுக்குப் பிறகு
நான்கு வரக் கொஞ்ச நேரம் ஆனது.
ஏழாம் மைக்கின் முன்னால் ஒருவரும் இல்லை.
தூணுக்குப் பின்னாலிருந்து ததேயுவைக் கூப்பிட்டு
அங்கே நிறுத்தினேன்.
யாரும் ஏன் என்று கேட்கவில்லை, அவனைத் தவிர.
"மைக் சும்மா நிக்கப்பிடாது" என்றேன்.

முதல் பாட்டு முடிந்தது. உடனே நிறுத்தினேன்.
சிவப்பு அணையும்வரை கை இரண்டும் மடியில்.
அணைந்தது.
இனிப் பேசலாம் என்றேன்,
சாயா கொண்டுவரச் சொல்லுங்கள் என்றேன்.